வழித்துணை

(தென்காசி அருள்மிகு காசிவிசுவநாத சுவாமி திருக்கோயில் மாசிப் பெருவிழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்

 

உலகம்மையோடு எழுந்தருளியிருக்கும் காசிவிசுவநாதப் பெருமானுடைய திருவடிகளை வணங்கி, இன்றைய சொற்பொழிவைத் தொடங்குகின்றேன். விழாக் குழுவினர் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘வழித்துணை’ என்பது. தலைப்பைக் கொடுத்தவர்கள் காரணத்தையும் உடன் சொன்னார்கள். “நம் பக்கத்து அடியார்கள் பலர் வரும் கோடையில் கேதாரத்துக்கும் முத்திநாத்துக்கும் கயிலைக்கும் புறப்பட ஆயத்தம் செய்கின்றார்கள். தாங்கள் கயிலை சென்று வந்தவர்கள். புராணத்தையும் சொல்லுங்கள், போகிறவர்களுக்குப் பயன்படும்படி நாலு வார்த்தையும் சொல்லுங்கள்” என்றார்கள். ஆகவே இன்று பெரியபுராணமும் பேசுவேன், மூட்டை முடிச்சும் பேசுவேன். இரண்டும் கலந்து வந்தால் பொறுத்தருள வேண்டும்.

யாத்திரையைப் பற்றிப் பேசுவதற்கு இவ்வூரைக் காட்டிலும் பொருத்தமான ஊர் வேறு உண்டா? இந்தத் திருக்கோயில் எழுந்த வரலாற்றை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். பராக்கிரம பாண்டிய மன்னனுடைய கனவில் பெருமான் தோன்றினான். தென்னாட்டு அடியார்கள் காசியை நாடி வருங்கால் வழியிலேயே உயிர் துறக்கின்றார்கள். ஆதலின் அவர்கள் வழிபடும்பொருட்டு நீ இங்கேயே எனக்கு ஓர் ஆலயம் எடுப்பாய் என்று பணித்தான். எவ்விடத்தில் எடுப்பது? கோட்டையிலிருந்து எறும்புகள் சாரை சாரையாக ஊர்ந்து செல்லும். அவற்றைப் பின்தொடர்ந்து செல், அவை முடியும் இடத்தில் என்னைக் காண்பாய் என்றான். மன்னன் எறும்புச் சாரியைப் பின்பற்றிச் சென்று, சிற்றாற்றங்கரையில் செண்பக வனத்தில் சிவலிங்கத் திருமேனியைக் கண்டான் என்பது தலவரலாறு. 1446-ஆம் ஆண்டில் திருப்பணி தொடங்கியது.

இவ்வரலாற்றில் நான் பெரிதும் ஈடுபடுவது இரண்டு இடங்களில். நாற்படை உடைய பாண்டியன், ஓர் எறும்பின் பின்னே தலைகுனிந்து நடந்தான் அல்லவா? வழி தெரிந்தது எறும்புக்கு. ஆகவே அரசன் பின்னே, எறும்பு முன்னே. அஃது ஒன்று. மற்றொன்று இன்னும் நுட்பமானது. “என்னைக் காண வருகிறவன் வழியில் மடிந்தால் மடியட்டும், அவனுக்கு முத்தி கொடுத்துவிடுகிறேன்” என்று பெருமான் சொல்லவில்லை. வழியில் போகும் அடியவனுடைய உயிரைப் பற்றிக் கவலைப்பட்டான். அந்தக் கவலையில் பிறந்த ஊர் தென்காசி. யாத்திரையில் உயிரை அலட்சியம் செய்வது பக்தியின் அடையாளம் என்று எண்ணுகிறவர்கள் இந்த ஊர் ஏன் தோன்றிற்று என்பதைச் சிறிது நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி, வழித்துணையாக வருபவர் எப்படி இருத்தல் வேண்டும்? இதற்கு இலக்கணம் கூறும் நூல் வேறு தேட வேண்டுவதில்லை; பெரியபுராணமே போதும். அப்பர் பெருமான் திருப்பைஞ்ஞீலியை நோக்கி நடந்து வருகின்றார். நெடுவழி. பசியும் நீர் வேட்கையும் வருத்துகின்றன. ஆயினும் சித்தம் அலையாமல் நடக்கின்றார். பெருமான் என்ன செய்தான்? வழியிலே ஒரு சோலையையும் குளத்தையும் ஆக்கி, ஓர் அந்தணர் வடிவில் பொதிசோற்றோடு காத்திருந்தான். வந்தவரிடம் சமயம் பேசவில்லை, தத்துவம் கேட்கவில்லை. மிகவும் களைத்திருக்கின்றீர், இந்தச் சோற்றை உண்டு, நீர் பருகி, இளைப்பாறிச் செல்லும் என்றான். உண்டு இளைப்பாறிய பின்னரே எங்கே செல்கின்றீர் என்று கேட்டான். பைஞ்ஞீலிக்கு என்றதும், நானும் அங்கேதான் செல்கின்றேன் என்று உடன் நடந்தான். திருப்பைஞ்ஞீலியை அணுகியதும் மறைந்தான்.

இதனைப் போலவே சுந்தரமூர்த்தி சுவாமிகளுக்குத் திருக்குருகாவூரில் தண்ணீர்ப் பந்தல் அமைத்துப் பொதிசோறு அளித்தான். அங்கே சுந்தரர் தனியாக வரவில்லை. பரிசனங்கள் பலர் உடன் வந்தனர். அனைவருக்கும் சோறு இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். தலைவருக்கு மட்டும் உணவளித்துவிட்டு, கூட வந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லவில்லை. திருக்கூடலையாற்றூரிலோ இன்னும் சுவையான நிகழ்ச்சி. திருமுதுகுன்றத்துக்கு வழி யாது என்று சுந்தரர் ஓர் அந்தணரைக் கேட்கின்றார். இவ்வழி கூடலையாற்றூருக்குச் செல்வது என்று கூறி, தாமே முன் நடந்து அங்கே கொண்டுபோய்விட்டு மறைகின்றார் அந்தணர். பயணத் திட்டத்தை நடுவழியில் மாற்றிய வழிகாட்டி அவர் ஒருவரே! அந்த உரிமை இறைவனுக்கு உண்டு. பணம் வாங்கிக்கொண்டு அழைத்துச் செல்லும் பயண ஏற்பாட்டாளருக்கு அந்த உரிமை இல்லை என்பதையும் சொல்லிவிடுகின்றேன். (சிரிப்பு)

வேலூருக்கு அருகே திருவிரிஞ்சிபுரத்தில் பெருமானுக்குத் திருநாமமே வழித்துணைநாதர். மிளகு வணிகர் ஒருவர் கள்வருக்கு அஞ்சி வேண்டிக்கொள்ள, அவருக்குச் சேவகனாய் உடன் சென்று காத்தான் என்பது அத்தலத்தின் வரலாறு. மார்க்கபந்து என்று வடமொழியில் போற்றி அப்பைய தீட்சிதர் தோத்திரம் செய்ததும் இப்பெருமானையே. பிரயாணம் புறப்படுகிறவர்கள் இன்றும் அதைப் பாராயணம் செய்கின்றார்கள்.

பாராயணம் செய்யுங்கள். கோளறு பதிகமும் ஓதுங்கள். ஆனால், ஓதியாயிற்று என்று பயணச் சீட்டைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். நம் வட்டாரத்திலிருந்து தாய்மார்கள் முப்பது பேர் காசிக்கும் கயைக்கும் ஒரு குழுவாகச் சென்றார்கள். ஊர்ப் பெயரும் ஏற்பாடு செய்தவர் பெயரும் இம்மேடையில் வேண்டா. போகும் சீட்டு இருந்தது. திரும்பும் சீட்டு காத்திருப்போர் பட்டியலில் இருந்தது. அழைத்துச் சென்றவர் ஓர் இளைஞனை ஒப்படைத்துவிட்டு வழியிலேயே நின்றுவிட்டார். அந்த இளைஞனுக்கு இந்தி தெரியாது. அவனும் அதற்கு முன் காசியைக் கண்டதில்லை! மூன்று நாள் சத்திரத்தில் கிடந்து, ஒருவாறு ஊர் வந்து சேர்ந்தார்கள். அந்த மூன்று நாளும் அவர்களுக்கு அன்னமிட்டுக் காத்தது நம் நாட்டார் ஒருவர் நடத்தும் சத்திரம். காசியில் தமிழர்களுக்கு இத்தகைய நிழல் புதிதன்று. தாமிரபரணிக் கரையிலே திருவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபர சுவாமிகள் பதினேழாம் நூற்றாண்டில் காசி சென்று மடம் நிறுவினார்கள். நாட்டுக்கோட்டை நகரத்தார் 1863-இல் அங்கே சத்திரம் அமைத்தார்கள். வழியில் வருபவனுக்கு ஒரு வேளைச் சோறும் படுக்க இடமும் கொடுப்பது சிவபூசைக்குக் குறைந்ததன்று என்பதை அறிந்த பெருமக்கள் அவர்கள்.

ஆகவே யாருடன் செல்கின்றோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். எவ்வளவு பணம் என்று கேட்பதற்கு முன்னே, எங்களோடு கடைசி வரை வருபவர் யார், அவர் அந்த வழியில் எத்தனை முறை சென்றிருக்கின்றார் என்று கேளுங்கள். திரும்பும் சீட்டைக் கண்ணால் பாருங்கள். கட்டணத்தில் அடங்குவது எது, அடங்காதது எது என்பதை எழுத்தில் வாங்குங்கள். குதிரைக் கூலியும் சுமைகூலியும் பெரும்பாலும் அடங்குவதில்லை. ஒருவர் நோயுற்று நடுவில் இறங்க நேர்ந்தால் அவருடன் யார் இறங்குவார், செலவை யார் ஏற்பார் என்று கேட்டு, பதில் சொல்லத் தடுமாறுகிறவரோடு போகாதீர்கள். மலைப்பயணத்துக்குக் காப்பீடு எடுக்கும்போது, ஹெலிகாப்டரில் மீட்கும் செலவும் அதில் சேர்ந்திருக்கின்றதா என்று பாருங்கள். நகைகளை வீட்டில் வைத்துவிட்டுச் செல்லுங்கள் என்று தாய்மார்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சேரமான் பெருமாள் கொடுத்த பெருநிதியோடு வந்த சுந்தரரையே திருமுருகன்பூண்டியில் வேடுவர் வழிமறித்துப் பறித்தார்கள். அவர்கள் சிவகணங்கள், ஆதலின் பொருள் திரும்பக் கிடைத்தது. நமக்கு அப்படிக் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

கயிலையைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். நம் அரசாங்கத்தின் வெளியுறவு அமைச்சகம் 1981-ஆம் ஆண்டு முதல் இந்த யாத்திரையை நடத்தி வருகின்றது. உத்தராகண்டத்தில் லிபுலேக் கணவாய் ஒரு வழி. சிக்கிமில் நாதுலா கணவாய் 2015 முதல் மற்றொரு வழி. 2020-இல் தடைப்பட்ட யாத்திரை 2025-இல் மீண்டும் தொடங்கியது. அவ்வாண்டு லிபுலேக் வழியில் ஐம்பது ஐம்பது பேராக ஐந்து குழுக்களும், நாதுலா வழியில் பத்துக் குழுக்களும், ஆக 750 பேர் அனுமதிக்கப்பெற்றார்கள். ஒவ்வொரு குழுவுடனும் அரசு அலுவலர் உடன் செல்கின்றார். வயது 18-க்குக் குறையாமலும் 70-க்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். தில்லியில் மருத்துவச் சோதனை. லிபுலேக் வழியில் செல்வோருக்குக் குஞ்சி என்னும் மலைத் தங்கலில் மறுபடியும் ஒரு சோதனை. அங்கே தேறாதவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எத்தனை சிபாரிசு இருந்தாலும் பயன் இல்லை. இந்தக் கண்டிப்பைக் கண்டு மனம் நோகிறவர்கள், 1998 ஆகஸ்டு மாதம் மால்பா என்னும் தங்கல் மலைச்சரிவில் புதையுண்டு, யாத்திரிகர் 60 பேர் உட்பட 200-க்கும் மேற்பட்டோர் மாண்டதை மறந்துவிடலாகாது. நேபாளத்தின் வழியாகத் தனியார் குழுக்களோடு செல்வது மற்றொரு முறை. அதில் கண்டிப்புக் குறைவு. ஆகவே நம் பொறுப்பு அதிகம்.

உயரத்தைப் பற்றி ஒரு கணக்குச் சொல்லுகின்றேன். நாம் அண்ணாந்து பார்க்கும் பொதிகையில் அகத்தியர் சிகரம் ஏறத்தாழ 1,868 மீட்டர். மானசரோவரத்தின் நீர்மட்டம் ஏறத்தாழ 4,590 மீட்டர். கயிலையை வலம் வரும் 52 கிலோமீட்டர் வழியில் டோல்மா கணவாய் 5,630 மீட்டர். அஃதாவது, பொதிகையின்மேல் பொதிகையை வைத்து, அதன்மேல் இன்னொரு பொதிகையை வைத்த உயரம். அங்கே மூச்சில் கிடைக்கும் பிராணவாயு இங்கே கிடைப்பதில் பாதியளவே. குற்றாலத்துச் சாரலிலே வளர்ந்த உடம்பு இதனை ஒரே நாளில் ஏற்றுக்கொள்ளாது. மூவாயிரம் மீட்டருக்கு மேலே சென்றபின், படுத்து உறங்கும் இடத்தை நாளொன்றுக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயர்த்தாமலிருப்பதும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் தங்குவதும் மருத்துவர்கள் கூறும் நெறி. “பத்து நாளில் முடிக்கின்றோம், எட்டு நாளில் முடிக்கின்றோம்” என்று விளம்பரம் செய்பவர்கள் குறைப்பது இந்தத் தங்கல் நாட்களைத்தான். நாள் குறைந்தால் செலவு குறையும், ஆபத்துக் கூடும்.

தலைவலியும் குமட்டலும் வந்தால் மேலே ஏறக் கூடாது. நடை தள்ளாடினால், பேச்சுக் குழறினால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இரவென்றும் பகலென்றும் பாராமல் கீழே இறங்க வேண்டும். பிராணவாயுக் குப்பியும் மாத்திரையும் இறங்குவதற்கு உதவி செய்யுமேயன்றி, இறங்குவதற்கு ஈடாகா. அசிட்டசோலமைடு என்னும் மாத்திரையை மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் தின்றார் என்று தின்னலாகாது.

2018-ஆம் ஆண்டில் யான் நேபாள வழியாகச் சென்ற குழுவில் நாற்பது பேர் இருந்தோம். நம் சீமைக்காரர், நெல் வியாபாரம் செய்தவர், அறுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர் உடன் வந்தார். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். நாள்தோறும் திருமுறை ஓதாமல் நீர் அருந்தாதவர். திராபுக் என்னும் இடத்தில், கயிலையின் வடமுகத்தைக் கண்டு கண்ணீர் மல்கி நின்றார். அன்றிரவு அவருக்கு மூச்சு முட்டிற்று. பேசியதையே திரும்பத் திரும்பப் பேசினார். உடன் வந்த ஷெர்பா இளைஞருக்கு வயது இருபத்தைந்துதான் இருக்கும். அவர் அண்ணாச்சியை ஒரு கோட்டின்மீது அடிமேல் அடி வைத்து நடக்கச் சொன்னார். நான்காம் அடியில் சாய்ந்தார். “இப்பொழுதே இறங்க வேண்டும்” என்றார் இளைஞர்.

அண்ணாச்சி மறுத்துவிட்டார். விடிந்தால் கணவாய், கௌரி குண்டம். ஆயுள் முழுதும் காத்திருந்த நாள். என்னைப் பார்த்து, “ஐயா, அப்பர் சுவாமிகள் திரும்பினார்களா? நீங்கள்தாமே மேடைதோறும் சொல்லுகின்றீர்கள்! கால் தேய்ந்தது, கை தேய்ந்தது, மார்பு தேய்ந்தது, புரண்டு புரண்டு போனார்கள் என்று சொல்லவில்லையா? எனக்கு மட்டும் ஏன் இறங்கச் சொல்லுகின்றீர்கள்?” என்று கேட்டார்.

அன்பர்களே, நல்ல கேள்வி. மேடையில் நான் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்த அதே வரலாறு, ஓர் உயிரை எமனிடத்தில் கொடுப்பதற்கு நியாயமாக அங்கே வந்து நின்றது. நான் அவரிடம் சொன்னதை இங்கே விரித்துச் சொல்லுகின்றேன்.

அப்பர் பெருமான் காளத்தியில் புறப்பட்டுக் காசி வரையில் அடியார்களோடு சென்றார்கள். காசிக்கு அப்பால் எவரையும் உடன் அழைத்துச் செல்லவில்லை. வந்தவர்களை நிறுத்திவிட்டுத் தனியே புகுந்தார்கள். ஏன்? தம்முடைய உடம்பை அவர்கள் தேய்க்கத் துணிந்தார்கள். பிறருடைய உடம்பைத் தேய்க்கத் துணியவில்லை. “அண்ணாச்சி, உங்களோடு இங்கே நாற்பது பேர் இருக்கின்றோம். நாளை கணவாயில் நீங்கள் விழுந்தால் உங்களைச் சுமக்க நான்கு பேர் வேண்டும். அவர்களுக்கும் பிள்ளைகுட்டி உண்டு” என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

இரண்டாவதாக, அப்பர் பெருமான் திரும்பவில்லை என்பதே சரியன்று. அவர்கள் திரும்பினார்கள்! முனிவர் வடிவில் வந்தவன் மானிடர்க்குக் கயிலை அரிது, மீண்டு செல்லும் என்று சொன்னபோது மறுத்தார்கள். பெருமானே அசரீரியாய் எழுப்பி, இந்தப் பொய்கையில் மூழ்கி ஐயாற்றிலே என் கோலத்தைக் காண்பாய் என்று பணித்தபோது மறுத்தார்களா? கயிலை கண்ணுக்கு எட்டும் தொலைவில் இருக்கின்றது, ஐயாறு எங்கோ காவிரிக் கரையில் இருக்கின்றது என்று வாதாடினார்களா? அக்கணமே மூழ்கினார்கள். எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். கண்டதோ கயிலைக் காட்சி. களிறும் பிடியும் முதலாக நிற்பனவும் நடப்பனவும் எல்லாம் அம்மையப்பனாகக் கண்டார்கள். மீண்டு வந்ததனாலேதான் அக்காட்சி கிடைத்தது. இதனை நாம் அழுத்திச் சொல்வதில்லை. உடம்பு தேய்ந்த பகுதியிலேயே நம்முடைய சொற்பொழிவாளர்களுக்குச் சுவை அதிகம். கேட்பவர்களுக்கும் கண்ணீர் அங்கேதான் வருகின்றது.

அந்த இளைஞரும் வேறொருவரும் அண்ணாச்சியைத் தாங்கிக்கொண்டு இரவோடிரவாக இறங்கினார்கள். மறுநாள் நண்பகலில் தார்ச்சனில் தெளிந்து எழுந்து கஞ்சி கேட்டாராம். அவ்வாண்டு ஆடி அமாவாசையன்று அவர் திருவையாறு சென்று அப்பர் கயிலைக் காட்சி விழாவைக் கண்டு வந்து, எனக்குத் திருநீறு அனுப்பினார். உடன் ஒரு கடிதமும் இருந்தது; அந்த ஷெர்பாத் தம்பிக்குப் பணம் அனுப்ப வேண்டும், விலாசம் வாங்கித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்.

கயிலை வரையில் போவானேன்? நம் குற்றாலத்தையே பாருங்கள். அருவியில் வெள்ளம் என்று காவலர் கயிறு கட்டினால், “நான் நாற்பது வருஷமாகக் குளிக்கின்றேன், எனக்குத் தெரியாதா?” என்று சண்டை பிடிக்கின்றவர்கள் வெளியூர்க்காரர்கள் மட்டும் அல்லர். 2024 மே மாதம் 17-ஆம் நாள் பழைய குற்றாலத்தில் மேலே மலையில் பெய்த மழை திடீரென்று காட்டாறாய் இறங்கி, பதினேழு வயது மாணவன் ஒருவனைக் கொண்டுபோயிற்று. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்ற குழுவைக் காட்டுத்தீ சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. அதன் பின்னர், தமிழக அரசு 2024-இல் நாற்பது மலைப்பாதைகளை வகுத்து, முன்பதிவும், அந்தந்த மலை ஊராரில் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளும் என்று ஒழுங்கு செய்திருக்கின்றது. காட்டில் பிறந்து வளர்ந்த அவ்வழிகாட்டி படிப்பில் நம்மினும் குறைந்தவராக இருக்கலாம். பாண்டியன் பின்தொடர்ந்தது எறும்பை என்பது நினைவிருக்கட்டும்.

இனி, போக இயலாதவர்கள். இந்த மண்டபத்தில் அவர்களே பெரும்பாலோர். முழங்கால் வலி, சர்க்கரை நோய், கையில் காசின்மை, வீட்டில் படுத்திருக்கும் மாமியார் என்று ஆயிரம் காரணம். சென்று வந்தவர்கள் படம் காட்டும்போது இவர்கள் முகம் வாடுவதை நான் கண்டிருக்கின்றேன். திருஞானசம்பந்தர் நம் குற்றாலத்துக்கு எழுந்தருளினார்கள். தலத்துக்கு ஒரு பதிகமும் குறும்பலாவுக்கு ஒரு பதிகமும் அருளினார்கள். ஆனால் கேதாரத்துக்கும் கயிலைக்கும் அவர்கள் நடந்து செல்லவில்லை. திருக்காளத்தியில் இருந்தபடியே வடநாட்டுத் தலங்களைப் பாடினார்கள் என்பது சேக்கிழார் வாக்கு. அந்தப் பதிகங்கள் நேரில் சென்று பாடிய பதிகங்களுக்குத் தாழ்ந்தவை என்று சொல்ல எவருக்கேனும் நா எழுமா? அகத்திய முனிவரோ கயிலையிலேயே இருந்தவர். உலகம் சமநிலை பெறும்பொருட்டுத் திருக்கல்யாணம் காணாமல் தெற்கே போ என்று பணிக்கப்பெற்றார். அவருக்குப் பெருமான் மணக்கோலம் காட்டியது நம் பொதிகைச் சாரலில். போகாதவர்களுக்குக் காட்டுவது அவனுக்கு வழக்கமாகவே இருந்திருக்கின்றது.

பராக்கிரம பாண்டியன் இக்கோயிலில் ஒரு கல்வெட்டு வைத்திருக்கின்றான். பிற்காலத்தில் இக்கோயிலுக்குக் குறை நேர்ந்தால் அதனைச் செப்பனிடுவோர் எவரோ, அவர்கள் திருவடியில் தான் விழுந்து வணங்குவதாக அதில் கூறுகின்றான். சிதைந்து நின்ற இராசகோபுரம் 1990-இல் ஒன்பது நிலைகளோடு மறுபடியும் எழுந்தது. 2025 ஏப்ரலில் குடமுழுக்கும் கண்டோம். காசிக்குப் போக முடியாதவர்களுக்காக எழுந்த கோயிலுக்குக் கல்லும் சாந்தும் கொடுத்தவர்களில் காசியைக் கண்ணால் காணாதவர்கள் எத்தனையோ பேர்.

இவ்வாண்டு புறப்படுகின்றவர்களுக்கு ஒன்று சொல்லி நிறுத்துகின்றேன். நாளை மாலை சாயரட்சை முடிந்தபின் இம்மண்டபத்திலேயே இருப்பேன். உங்கள் ஏற்பாட்டாளர் கொடுத்த காகிதங்களைக் கொண்டு வாருங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம். மருத்துவ அன்பர் ஒருவரும் வருவதாக இசைந்திருக்கின்றார். அறநிலையத் துறையின் வழியாக யாத்திரைக்கு அரசு வழங்கும் மானியத்துக்கு விண்ணப்பிக்க விரும்புகிறவர்களும் வரலாம். கண்ணாடியை மறவாமல் எடுத்து வாருங்கள். எழுத்து மிகவும் பொடியாக இருக்கும்.

திருச்சிற்றம்பலம்